செத்த புலியும் சருகுமான் பல்லும்: அருங்காட்சியகம் பற்றி ஊரில் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் பள்ளியிலிருந்து ‘கல்விச் சுற்றுலா, அருங்காட்சியகம்’ என்று வீட்டுக்குக் கடிதம் போனால், அடுத்த நாளே யாராவது என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். கோயில் அன்னதான வரிசையில், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ராத்திரி பதினொரு மணிக்கு என்று நேரம் காலம் கிடையாது. கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"மியூசியம்னா பழைய பானை, கிரீஸ் கத்தி, சுல்தான் நாற்காலிதானே டீச்சர்? அதுக்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம்?"

நீங்கள் சொல்வது வரலாற்று அருங்காட்சியகம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பவை விலங்கு, பறவை, பூச்சி, செடி, பாறை, புதைபடிவம். சில இடங்களில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகம் அப்படித்தான்.

அங்கே இருக்கும் பொருளை ‘மாதிரி’ என்பார்கள். அதன் உயிர் அதில் கட்டியிருக்கும் சின்னச் சீட்டில் இருக்கிறது. எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில், யார் எடுத்தது என்ற மூன்று விவரமும் அதில் இருக்க வேண்டும். சீட்டு இருந்தால் ஒரு வண்ணத்துப்பூச்சி ஆதாரம். சீட்டு தொலைந்தால் அது சுவரில் மாட்டும் அழகுப் பொருள்தான். இந்தச் சீட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் வரும்.

"தைப்பிங்ல ஸூ இருக்கு. உயிரோட ஓடுறதைப் பார்க்கலாம். செத்ததைப் போய் எதுக்குப் பார்க்கணும்?"

மெட்ராஸில் அந்தக் காலத்தில் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சொல்வார்கள். என் தாத்தா கப்பலேறும் முன் இரண்டையும் பார்த்திருக்கிறார். கிண்டலாகச் சொன்னாலும் இரண்டையும் ‘காலேஜ்’ என்றார்களே, அது எனக்குப் பிடிக்கும். நமக்குத் தைப்பிங்கில் ஒரே நாளில் இரண்டு காலேஜும் கிடைக்கிறது.

ஸூவில் புலி நிழலில் படுத்து முதுகைக் காட்டும். பிள்ளைகள் அதன் நடையை, உறுமலைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொல்ல முடியுமா? அருங்காட்சியகத்தில் புலியின் மண்டையோட்டை அரை அடி தூரத்தில், அரை மணி நேரம் பார்க்கலாம். வரையலாம். பக்கத்திலேயே தாப்பிரின் (பன்றி போன்ற உடம்பும் நீண்ட மூக்கும் உள்ள தாவர உண்ணி) மண்டையோடும் இருந்தால் ஒப்பிடலாம். உற்றறிதல், ஒப்பிடுதல், வகைப்படுத்துதல் என்று பாடநூலில் அறிவியல் செயற்பாங்குத் திறன் என்ற தலைப்பில் வருகிறதே, அது அத்தனைக்கும் பொருள் அசையாமல் நிற்க வேண்டும்.

"எங்கே இருக்கு? எல்லாம் கோலாலம்பூர்லதானே?"

உண்மையில் நம் ஊர் கொடுத்துவைத்த ஊர். தைப்பிங் அருங்காட்சியகம் 1883-ல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. சிறைச்சாலைக்கு எதிரே இருக்கிறது. (பையன்களுக்குச் சிறைச்சாலை மதில்மேல்தான் முதல் பத்து நிமிடம் கண் போகும். விட்டுவிடுங்கள்.) பதனம் செய்த விலங்குகள், பாம்புகள், பறவைகளை அங்கே பார்க்கலாம். அதைத் தொடங்கிவைத்தவர் அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆங்கிலேயர் வைத்த ஆலோசகர்) சர் ஹியூ லோ. இதே மனிதர்தான் 1877-ல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டவர். அதில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகளை இந்த ஊருக்கு இழுத்துவந்த மரத்தையும் இந்த அருங்காட்சியகத்தையும் தொடங்கிவைத்தது ஒரே கை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தைப்பிங் போகும் வழியில் கோலகங்சாரில் இறங்கிக் காட்டியும் விடுங்கள்.

ஈப்போவில் நிலவியல் துறையின் பாறை, கனிம அருங்காட்சியகம் இருக்கிறது. ஈயத்தால் (டின்) எழுந்த ஊரில் ஈயக்கல்லைப் பார்க்காமல் வளர்வது அநியாயம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளை லெங்கோங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகலாம். பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய ‘பேராக் மனிதன்’ எலும்புக்கூடு கிடைத்த இடம், 2012 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளம். கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் வரலாறுதான் அதிகம். அது நிற்கும் இடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945-ல் நேசநாட்டு விமானங்கள் போட்ட குண்டு அதன் மேல் விழுந்து இயற்கைச் சேகரிப்பு பெரும்பாலும் போய்விட்டது. கடப்பிதழும் காசும் இருப்பவர்களுக்குச் சிங்கப்பூரின் லீ கோங் சியான் அருங்காட்சியகம்.

எங்கே போவதானாலும் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். பழைய கட்டடங்களை மராமத்துக்காக மூடிவைப்பது உண்டு. நாற்பது பிள்ளைகளோடு பூட்டிய கதவு முன் நிற்பதைவிடக் கொடுமை ஆசிரியர் வாழ்க்கையில் கிடையாது.

"அந்தப் புலி நிஜமா, பொம்மையா?"

தோல் நிஜம், கண் கண்ணாடி. தோலை உரித்துப் பதப்படுத்தி, உடம்பு அளவுக்குச் செய்த ஓர் உருவத்தின்மேல் போர்த்தித் தைப்பார்கள். அந்தக் காலத்தில் உள்ளே வைக்கோல், மரச்சீவல், கம்பி. இப்போது இலேசான நுரைப் பொருளில் வார்த்த உருவம். சதை, குடல் எதுவும் உள்ளே இல்லை. வெளிச்சம் பட்டுப்பட்டு நிறம் வெளுக்கும். அதனால்தான் பழைய புலி கொஞ்சம் சோளப்பொரி நிறத்தில் இருக்கிறது. பிள்ளைகள் ‘பொய்ப் புலி’ என்பார்கள், திட்டாதீர்கள். எது நிஜம், எது செய்தது, உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேளுங்கள். முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

"செத்த மிருகங்களைப் பார்த்துட்டு வர்ற புள்ளை தலைக்குக் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணுமா?"

ஒரு பாட்டி உண்மையாகவே கவலையோடு கேட்டது. யம்மா, தைப்பிங்கில் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வரும் பிள்ளை எப்படியும் குளிக்கத்தான் வேண்டும். குளிக்கச் சொல்லுங்கள். சாஸ்திரமும் சுத்தமும் இரண்டுமே முடிந்தது.

"போயிட்டு வந்தா மார்க் கூடுமா?"

ஒரு நாள் போய்வந்து மதிப்பெண் கூடியதாக நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்லிப் பணம் வசூலிப்பவரை நம்பாதீர்கள். ஆண்டு 6 முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ல் போய்விட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு உண்டு. பிள்ளை பார்த்ததை எழுதுவதும், விளக்கிச் சொல்வதும், காரணம் காட்டுவதும் அதில் ஆசிரியர் கண்ணில் படும். அந்த வகையில் உதவும்.

எனக்குத் தெரிந்து மாறுவது ஒன்றுதான். பிள்ளை கேட்கும் கேள்வி மாறும். ‘இது தேர்வில் வருமா டீச்சர்?’ என்பது ‘இது ஏன் இப்படி இருக்கு?’ என்று ஆகும். சில பேரிடம் அது ஒரு வாரம் நிற்கும். ஒன்றிரண்டு பேரிடம் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

"நான் புது ஆசிரியை. எந்தப் பாடத்தோட சேர்க்கிறது? சும்மா சுற்றுலான்னு எழுதினா தலைமையாசிரியர் கையெழுத்துப் போட மாட்டாரு."

சேர்க்க இடம் நிறையவே இருக்கிறது. ஆண்டு 3-ல் பற்களும் விலங்குகளின் உணவு முறையும். ஆண்டு 4-ல் முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பில்லாதவை. ஆண்டு 5-ல் விலங்கினங்கள் நீடுநிலவ (அழியாமல் தொடர) என்ன செய்கின்றன என்பது. ஆண்டு 6-ல் அழிவும் பாதுகாப்பும். ஒரு வருகைக்கு ஒரே தலைப்பை எடுங்கள். நான் எப்போதும் பல்லைத்தான் எடுப்பேன், ஏன் என்று சொல்கிறேன்.

ஒருமுறை ஆண்டு 3 பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். தாவர உண்ணிக்குக் கோரைப்பல் இருக்காது, மாமிச உண்ணிக்கு இருக்கும் என்று வகுப்பில் சொல்லி, அட்டவணை போட்டு, எல்லோரும் மனப்பாடம். ஒரு பையன் மட்டும் சருகுமான் கண்ணாடிப் பெட்டி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். பூனை அளவு உடம்பு, பென்சில் மாதிரிக் கால். மலாய்க் கதைகளில் முதலையை ஏமாற்றும் சாங் கஞ்சில் அதுதான், எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அவன் கன்னத்தைத் தரையோடு வைத்துக் கீழிருந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்கு டிராகுலா பல்லு இருக்கு" என்றான். நான் குனிந்து பார்த்தேன். மேலுதட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் மெல்லிய, வளைந்த, வெள்ளைக் கோரைப்பல், நகவெட்டுத் துண்டு மாதிரி. புல்லும் பழமும் தின்கிற பிராணி! என் அட்டவணை அங்கேயே கிழிந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

பிறகு தேடிப் படித்தோம். சருகுமானுக்குக் கொம்பு கிடையாது. கடாக்கள் ஒன்றோடொன்று சண்டை போட அந்தப் பல்லைத்தான் பயன்படுத்துகின்றன. கேளையாட்டுக் கடாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதாவது, பல் சாப்பாட்டுக்கு மட்டும் என்று நாங்கள் வைத்திருந்த ஊகம்தான் தப்பு. அடுத்த வாரம் அதே பையன், எறும்புத்தின்னிக்குப் பல்லே இல்லையாமே, அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று வந்து நின்றான். பாடநூலில் விதி இருக்கும், விதிக்கு அடங்காததைப் பார்க்க இடம் வேண்டும். தலைமையாசிரியருக்கு அப்படியே எழுதிக் கொடுங்கள்.

"நாங்க போனப்ப பிள்ளைங்க அரை மணி நேரத்துல ஓடி முடிச்சிட்டு ஐஸ்கிரீம் கேட்டாங்க. என்ன செய்றது?"

என் முதல் வருகை இதைவிட மோசம். மூன்று பேருந்து, முப்பது கேள்வி கொண்ட பயிற்சித்தாள், ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் பொருளைப் பார்க்கவே இல்லை. பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துத் தாளில் நிரப்பினார்கள். ஒருத்தி எழுதி முடித்ததும் மற்ற பன்னிரண்டு பேர் அவளைப் பார்த்து எழுதினார்கள். திரும்பி வந்து திருத்தினேன், எல்லாம் சரி. அடுத்த நாள் தாப்பிருக்கு முன்னங்காலில் எத்தனை விரல் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. முன்னால் நான்கு, பின்னால் மூன்று. கண் முன்னால் நின்றது அது. தப்பு என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: ஒரு பிள்ளைக்கு மூன்று பொருள், அதற்கு மேல் கிடையாது. முதல் பொருளைப் பத்து நிமிடம் எழுதாமல் பார்க்க வேண்டும். பிறகு கோடில்லாத தாளில் பென்சிலால் வரைய வேண்டும். அழகு வேண்டாம், ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். கால், விரல், பல், கோடு. கடைசியில் கீழே ஒரு கேள்வி எழுத வேண்டும், பதில் வேண்டாம். வரையும்போதுதான் கண் நிற்கும். மிச்ச நேரம் ஓடட்டும், பிள்ளைகள்தானே.

"விளக்கப் பலகையில தமிழே இல்லையே?"

இல்லைதான், வருத்தம்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு மலாய் தெரியும், நமக்குத்தான் சோம்பல். போவதற்கு முன் பத்துச் சொல்லுக்கு மூன்று மொழிப் பட்டியல் போட்டு விடுங்கள். எங்காங் என்றால் இருவாட்சி, தெங்கிலிங் என்றால் எறும்புத்தின்னி, பெலண்டோக் என்றால் சருகுமான்.

சாய்ந்த எழுத்தில் இருக்கும் அறிவியல் பெயர் எந்த ஊரிலும் மாறாது. புலி எங்கும் பாந்தெரா டைகிரிஸ். தாப்பிரின் பெயர் இண்டிகஸ் என்று முடியும். ‘இந்தியாவுக்குரியது’ என்று அர்த்தம் தொனிக்கும், ஆனால் அந்தப் பிராணி இந்தியாவில் கிடையாது, நம் காட்டில்தான் இருக்கிறது. இந்தியன் என்று பெயர் போட்டு இங்கேயே பிறந்து வளர்வது நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யூடியூப்ல எல்லாமே இருக்கே!"

இருக்கிறது, பாருங்கள், போவதற்கு முன்னால் பார்த்தால் இன்னும் நல்லது. ஆனால் திரையில் யானையும் எறும்பும் ஒரே அளவு. ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியின் இறக்கை தன் உள்ளங்கையைவிட அகலம் என்பதை ஒரு பிள்ளை கையைக் கண்ணாடிமேல் வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"ஏன் எதையும் தொட விடறதில்லை?"

பழைய பதனப் பொருள்களில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த சவர்க்காரம் தடவுவது உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. அது விஷம், நூறு வருடமானாலும் போகாது. பொருளைப் பிள்ளையிடமிருந்து காப்பாற்றுவது ஒரு காரணம், பிள்ளையைப் பொருளிடமிருந்து காப்பாற்றுவது இன்னொன்று.

"இதுங்களை எல்லாம் கொன்னுதானே வெச்சிருக்காங்க? அதைக் காட்டி ‘விலங்குகளைக் காப்போம்’னு பாடம் நடத்துறது நியாயமா?"

இடைநிலைப்பள்ளி மாணவி கேட்டது. மழுப்பக்கூடாத கேள்வி. ஆமாம், பழைய காலத்துச் சேகரிப்பாளர்கள் துப்பாக்கியோடுதான் காட்டுக்குள் போனார்கள். சரவாக்கில் ஆராய்ச்சி செய்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பல ஓராங் ஊத்தான்களைச் சுட்டிருக்கிறார், அவரே எழுதியிருக்கிறார். மலாய்த் தீபகற்பத்தின் கடைசி ஜாவா காண்டாமிருகம் சுடப்பட்டது 1932-ல். அது கடைசி என்று சுட்டவருக்குத் தெரிந்திருக்காது.

இப்போது பெரும்பாலும் தானாகச் செத்ததும், சாலையில் அடிபட்டதும், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் ஆனதும்தான் பெரிய விலங்குகளாக உள்ளே வருகின்றன. 2015 ஜூலையில் சிங்கப்பூர் ஜூரோங் தீவருகே பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெண் ஸ்பெர்ம் திமிங்கிலம் செத்து மிதந்தது. அதன் எலும்புக்கூடு இப்போது நான் மேலே சொன்ன சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அதற்கு முன்பு அந்த ஊரில் தொங்கியது நம்முடைய திமிங்கிலம்: 1892-ல் மலாக்காக் கரையில் ஒதுங்கியது, 42 அடி. 1974-ல் நம் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்து, பிறகு லாபுவானுக்குப் போய்விட்டது. செத்த பிறகும் அதற்கு ஓய்வில்லை.

நியாயமா என்றால், செய்ததை மறைத்துக் காட்டினால் நியாயமில்லை. எப்போது, எப்படி, ஏன் என்பதோடு காட்டினால் அந்தப் பாடமே வேறு. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் செத்தது. காட்டில் மலாயாப் புலி 150-க்கும் குறைவு. உன் பேத்தி எதை எங்கே பார்ப்பாள் என்று அந்த மாணவியிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வேறு கேள்வி கேட்டாள். அது அடுத்தது.

"சரி, ஒண்ணு இருந்தா போதாதா? ஒரே மாதிரிப் பூச்சியை ஆயிரம் எதுக்குச் சேர்க்கிறாங்க?"

நாம் காண்பது முன்னறை மட்டும். பின்னால் இழுப்பறை இழுப்பறையாக இருக்கும், ஆராய்ச்சி அங்கேதான். இதற்கு நல்ல உதாரணம் பறவை முட்டை. பிரிட்டனில் பொரி வல்லூறுகள் வேகமாகக் குறைந்தன. டெரெக் ராட்கிளிஃப் என்பவர் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, 1940-களின் இறுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது என்று 1967-ல் எழுதினார். டி.டி.டி. பூச்சிமருந்துதான் காரணம் என்பது பிறகு உறுதியானது. முட்டை சேர்த்தவர்கள் பூச்சிமருந்தை நினைத்தா சேர்த்தார்கள்? ஒவ்வொரு ஓட்டிலும் தேதியும் இடமும் எழுதியிருந்தது, அதனால் பயன்பட்டது. முதல் பதிலில் சொன்ன சீட்டு இதுதான். ஒரே ஒரு முட்டை இருந்திருந்தால், அது மெலிந்ததா, பிறந்ததே அப்படியா என்று எப்படிச் சொல்வது?

நம் தோட்டத்துக்கே வாருங்கள். 1981-க்கு முன் செம்பனை (எண்ணெய்ப் பனை) பூவுக்கு மகரந்தத்தூள் ஊதுவது பெண்களின் வேலை. என் பெரியம்மா செய்திருக்கிறார். ஆப்பிரிக்காவில் அந்த வேலையை ஒரு குட்டி வண்டு செய்கிறது என்று ரஹ்மான் சையது என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் கண்டறிந்தார். கேமரூனிலிருந்து அதைக் கொண்டுவந்து 1981-ல் ஜொகூரில் விட்டார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பல வண்டுகளில் எது சரியானது என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல் இந்தக் காரியம் நடக்காது. ஆண் பூங்குலையை ஒரு வெள்ளைத் தாள்மேல் தட்டிப் பாருங்கள், அரிசி நொய்யைவிடச் சற்றுப் பெரிய பழுப்பு வண்டுகள் கொட்டும். பெரியம்மா வேலையைப் பறித்தது அதுதான்.

"நம்ம நாட்டுல டைனோசர் இருந்துச்சா?"

இருந்தது. 2012-ல் பகாங்கில் கிடைத்த ஒரு பல்லை மலாயாப் பல்கலைக்கழகம் 2014 பிப்ரவரியில் அறிவித்தது. மீன் தின்னும் ஸ்பைனோசார் வகை. பல்லின் நீளம் 23 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நுனியளவு. பிள்ளைகள் ‘அவ்வளவுதானா?’ என்று முகம் சுளிப்பார்கள். சருகுமான் பல்லை நினைவுபடுத்துங்கள்.

நம் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகளில் டைனோசர் தேடாதீர்கள். அவை அதைவிடப் பழையவை, 25 கோடி ஆண்டுக்கும் முன்னால் கடலடியில் உருவானவை. அவற்றில் கிடைப்பது கடல்வாழ் உயிர்களின் சுவடு. கடலே இல்லாத கிந்தா பள்ளத்தாக்கில் கடல் சிப்பி எப்படி வந்தது என்று ஈப்போ அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள்.

"குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னு அங்க சொல்லிக் கொடுக்கிறாங்களாமே?"

இன்றைக்கு மரத்தில் இருக்கும் குரங்கிலிருந்து மனிதன் வந்ததாக எந்த அறிவியலாளரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் மிகப் பழைய பொது மூதாதை உண்டு என்பதுதான் பரிணாமம் சொல்வது. தொடக்கப்பள்ளிப் பாடத்தில் இது கிடையாது, அதனால் நான் வகுப்பில் பேசியதில்லை. ஆனால் எலும்பைப் பார்க்கச் சொல்வேன். வௌவால் இறக்கை, திமிங்கிலத் துடுப்பு, நம் கை. மூன்றிலும் ஒரே வரிசை: மேலே ஒன்று, அடுத்து இரண்டு, பிறகு சின்னச் சின்ன எலும்புகள், கடைசியில் விரல்கள். திமிங்கிலத்துக்கு எதற்கு விரல்? வீட்டில் நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எலும்பை எண்ணத் தடையில்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சிந்தனையில் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. மேலே திட்டினேனே, அதே வாலஸ்தான் 1855-ல் சரவாக்கில் இருந்துகொண்டு, ஒவ்வோர் உயிரினமும் தனக்கு நெருங்கிய உறவுள்ள முந்தைய இனத்துக்கு அருகிலேயே தோன்றுகிறது என்று எழுதினார். 1858-ல் டார்வினுடைய கருத்தும் இவருடையதும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அவருக்காகப் பறவைகளைச் சேகரித்தவர் அலி என்ற சரவாக் இளைஞர். அந்தப் பெயரைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

"பஸ் வாடகைக்கே வழியில்லை. பள்ளியிலேயே ஒரு மூலையில வைக்க முடியாதா?"

முடியும். எங்கள் பள்ளியில் பழைய அலமாரி ஒன்றில் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறி எலும்புகளை வேகவைத்துச் சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து, கறுப்பு அட்டையில் ஒட்டினோம். கழுத்தடியில் ‘வி’ போல் ஓர் எலும்பு இருக்கும், இரண்டு பேர் இழுத்து உடைத்து விளையாடுவார்களே, அது. இரைதேடி ஓடிய டைனோசர் வகைகளுக்கும் அந்த எலும்பு இருந்தது. இதைச் சொன்ன நாளிலிருந்து பிள்ளைகள் கோழியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. செம்பனை வண்டு, சில்வண்டு கழற்றிய கூடு, ரப்பர் கொட்டை, மீன் முள் என்று எல்லாம் வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: சீட்டு இல்லாத பொருளுக்கு அலமாரியில் இடமில்லை. அந்த ஒரு விதிக்காக என்னிடம் அழுதவர்கள் உண்டு.

"தாத்தாவோட புலிநகம், தங்கத்துல கட்டினது, வீட்ல இருக்கு. கண்காட்சிக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், நான் வாங்கவும் மாட்டேன். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 716, புலியை முழுப் பாதுகாப்பில் வைத்திருக்கிறது. நகம், பல், தோல் என்று அதன் எந்தப் பாகத்தையும் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். ‘தாத்தா காலத்தது’ என்பது தானாகவே விலக்கு ஆகாது. பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் நேராகப் போய்க் கேளுங்கள். எறும்புத்தின்னிச் செதிலுக்கும் இதே பதில்தான். நாட்டு மருந்துக்கு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

"இதைப் படிச்சா என் பையனுக்கு என்ன வேலை கிடைக்கும்?"

எட்டு வயதுப் பையனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அண்ணே. இருந்தாலும் சொல்கிறேன்: பெர்ஹிலித்தான், கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம், செம்பனை வாரியம், பல்கலைக்கழகங்கள். தோட்டங்களில் பூச்சி, எலித் தொல்லை பார்க்கும் வேலைக்கும் இதே கண்தான் வேண்டும். இடங்கள் குறைவு, உண்மை.

"டீச்சர், சிப்புட்னா நத்தைதானே? நம்ம ஊரு நத்தை எந்த மியூசியத்துல இருக்கு?"

ஆண்டு 5 பையன், கோயில் திருவிழாவில் கச்சான் பூத்தேயை (வறுத்த கடலை வகை) மென்றுகொண்டே கேட்டது. இத்தனை வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. ஊர்ப் பெயரிலேயே நத்தை இருக்கிறது, நான் யோசித்ததில்லை.

தோட்டத்தில் மழைக்குப் பிறகு நாம் பார்க்கும் பெரிய பழுப்பு நத்தை உள்ளூர்க்காரர் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, செம்பனை மாதிரி. உண்மையான உள்ளூர் நத்தைகள் சுண்ணாம்பு மலைகளில் இருக்கின்றன, பல வகை சில மில்லிமீட்டர்தான். ஒரு மலையில் இருப்பது அடுத்த மலையில் இருக்காது. நாம் ஈப்போ போகும் வழியில் செம்மோர் பக்கம் தெரியும் குனோங் கந்தான் மலையிலிருந்து ஒரு நத்தைக்கு 2014-ல் பெயர் வைத்தார்கள்: சரோப்பா லஃபார்ஜி. அந்த மலையை உடைத்த சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள், பெயரைப் பார்த்தாவது கவனிக்கட்டும் என்று. பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்ற மலையை முழுக்க உடைத்து எடுத்துவிட்டார்கள். அங்கே மட்டுமே வாழ்ந்த ஒரு குட்டி நத்தை மலையோடு போய்விட்டது. அதன் ஓடு இப்போது அருங்காட்சியக இழுப்பறையில்தான்.

நத்தையை வெறுங்கையால் தொடாதே, நோய்க் கிருமி இருக்கலாம், காலி ஓட்டை மட்டும் குச்சியால் எடு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்றேன். பத்து நாள் கழித்துத் தீப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பஞ்சுக்குள் மிளகளவு ஓடு ஒன்று. மூடியின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தான்: ‘சுங்கை சிப்புட், குகைக் கோயில் பின்சுவர், தரையிலிருந்து இரண்டு முழம். சனிக்கிழமை காலை 7.20, மழை விட்ட பிறகு. எடுத்தது நான், விளக்குப் பிடித்தது தங்கச்சி.’